கொலஸ்ட்ரால் சவ்வை இறுக்குமா, இளக்குமா? நான் ஒன்று எழுதினேன், தோழி மற்றது எழுதினாள், இரண்டு பேருக்கும் மார்க் போச்சு

பார்வதிபுரம்_பயோகெம்

வணக்கம். நாகர்கோவிலில் எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். போன மாசம் இன்டர்னல் தேர்வில் கொலஸ்ட்ரால் செல்சவ்வின் தன்மையை எப்படி மாற்றுகிறது என்று ஐந்து மார்க் கேள்வி வந்தது. இறுக்கும் என்று நான் எழுதினேன், இரண்டு மார்க். இளக்கும், குளிரில் உறையாமல் காக்கும் என்று தோழி எழுதினாள், அவளுக்கும் இரண்டு. போய்க் கேட்டால் "அது ஒரு தாங்கல் (பஃபர்), இரண்டையும் செய்யும், புத்தகத்திலேயே இருக்கு" என்று பதில் வந்தது. புத்தகத்தில் இருக்கிறதுதான், ஒரே ஒரு வரி. ஒரே பொருள் எப்படி இரண்டு எதிர் வேலையையும் செய்யும் என்று அந்த வரி சொல்லவில்லை.

இது போதாதென்று புராஜெக்டிலும் அதே குழப்பம். டிபிபிசி என்ற பாஸ்போலிப்பிடில் (செல்சவ்வு ஆகியிருக்கிற கொழுப்பு வகை) வெசிக்கிள், அதாவது குட்டிக் குமிழி, செய்து, டிபிஎச் என்ற ஒளிரும் சாயத்தைப் போட்டு, 25 டிகிரியிலிருந்து 55 டிகிரி வரை சூடேற்றி அனைசோட்ரோபி (சாயம் ஆட எவ்வளவு தடை என்று காட்டும் எண்) அளந்தோம். வெறும் டிபிபிசியில் 25-ல் 0.3-க்கு மேலே நின்ற மதிப்பு 41 டிகிரி வந்ததும் கிணற்றில் கல் விழுந்த மாதிரி இறங்கி 0.1 பக்கம் போய்விட்டது. 40 மோல் சதவீதம் (நூறு மூலக்கூறில் நாற்பது) கொலஸ்ட்ரால் போட்டதில் அப்படி விழவே இல்லை, சாய்வாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு கோடும் 41 பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டும் இடத்துக்கு இடதுபக்கம் கொலஸ்ட்ரால் இளக்குகிறது, வலதுபக்கம் இறுக்குகிறது. கண்ணால் பார்த்தாச்சு, ஏன் என்றுதான் புரியவில்லை.

இன்னொன்று. ஆர்வக்கோளாறில் 70 சதவீதம் கொலஸ்ட்ராலும் போட்டுப் பார்த்தேன். அந்தக் குப்பியை வெளிச்சத்தில் ஆட்டினால் உள்ளே மினுக் மினுக் என்று தகடு தகடாக ஏதோ மிதக்கிறது. பிழை என்னுடையதா, பொருளினுடையதா?

---

ஈர்க்கில்_வாரியல்

மக்களே, நான் தக்கலைப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சியெல்லாம் தெரியாது, ஆனால் இதை விளக்க உன் வீட்டு முற்றத்திலேயே ஒரு சாமான் கிடக்கிறது.

தென்னை ஈர்க்கிலில் புதிதாகச் சீவிக் கட்டின வாரியலைப் பார்த்திருப்பாய். ஈர்க்கில் எல்லாம் நேராக, ஒன்றோடொன்று ஒட்டி, கையில் பிடித்தால் கட்டை போல இருக்கும். 41 டிகிரிக்குக் கீழே டிபிபிசி அப்படித்தான் இருக்கிறது: ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 16 கார்பன் நீளத்தில் இரண்டு வால், இரண்டிலும் இரட்டைப் பிணைப்பு கிடையாது, அதனால் நேராக நின்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். இதைக் கூழ் நிலை என்பார்கள். வருஷக்கணக்கில் முற்றம் பெருக்கின பழைய வாரியல் வேறு மாதிரி, ஈர்க்கில் வளைந்து நெளிந்து பரந்து கிடக்கும், நடுவில் விரலை விடலாம். 41-க்கு மேலே போன டிபிபிசி அது.

இனி கொலஸ்ட்ராலுக்கு வா. 27 கார்பன், அதில் நான்கு வளையம் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையான சிராய் போல இருக்கும், வளையாது. ஒரு முனையில் சின்னதாக ஒரு ஹைட்ராக்சில், மறுமுனையில் குட்டையாக ஒரு வால். அந்தச் சிராயின் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் இரண்டு மெத்தில் முண்டு துருத்திக்கொண்டிருக்கும்.

இந்தச் சிராயைப் பழைய வாரியலுக்குள் பத்திருபது சொருகு. பக்கத்து ஈர்க்கில் வளைய இடமில்லாமல் நிமிரும், கட்டு இறுகும். அதே சிராயைப் புது வாரியலுக்குள் சொருகு. ஒட்டி நின்ற ஈர்க்கில்களுக்கு நடுவே முண்டும் முடிச்சுமாக ஒன்று வந்து நின்றால் பழையபடி நெருங்க முடியாது, கட்டு தளரும். சொருகினது ஒரே சிராய்தான் கேட்டியா. யாருக்குள் சொருகினாய் என்பதில்தான் வித்தியாசம். நீ எழுதினதும் சரி, உன் தோழி எழுதினதும் சரி, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி.

---

ரப்பர்பால்_குலசேகரம்

நான் ரப்பர் வெட்டுகிற ஆள், இந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை, தலைப்பைப் பார்த்து வந்தேன். போன வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மொத்த கொலஸ்ட்ரால் 248 என்று வந்திருக்கிறது. சார் சொல்கிற வாரியல் கணக்குப்படி பார்த்தால் என் உடம்பில் உள்ள செல் எல்லாம் சிராய் சொருகி இறுகிப்போய் நிற்கிறதா? வீட்டில் மரச்சீனிக் கிழங்குக்கு ஊற்றும் தேங்காய் எண்ணெயைக்கூட நிறுத்திவிட்டார்கள். மார்கழிக் காலையில் பேச்சிப்பாறைப் பக்கம் அந்த எண்ணெய் பாட்டிலில் உறைந்துபோய் நிற்கும், அதுவும் கொலஸ்ட்ராலால்தானா?

---

குளச்சல்_சாளை

வாரியல் நல்ல உவமை, நான் திருடிக்கொள்கிறேன் சார். ஆனால் அது பாதி தூரம்தான் கூட வரும், மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. (ரப்பர் அண்ணாச்சி, உங்கள் 248-க்குப் பின்னால் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.)

நான் குளச்சல்காரன், இப்போது பெங்களூரில் லிப்போசோமுக்குள் (நீ செய்த வெசிக்கிள் மாதிரித்தான்) மருந்து அடைக்கிற வேலை. தினமும் இதே டிபிபிசி, இதே கொலஸ்ட்ரால்.

தங்கச்சி, உன் குழப்பத்துக்குக் காரணம் கொலஸ்ட்ரால் இல்லை, "இறுக்கம்" என்கிற அந்த ஒற்றைச் சொல். சவ்விடம் கேட்க வேண்டியது தனித்தனியாக இரண்டு கேள்வி. வால்கள் எவ்வளவு நேராக நிற்கின்றன என்பது ஒன்று. மூலக்கூறுகள் இடத்தை விட்டு இடம் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பது இன்னொன்று. கொலஸ்ட்ரால் இல்லாத சவ்வில் இந்த இரண்டும் ஜோடியாகத்தான் போகும்: கூழ் நிலையில் வால் நேர், நகர்வு ஏறத்தாழ இல்லை, சூடேறி இளகினால் வால் நெளிவு, நகர்வு வேகம். அதனால் பழைய புத்தகம் எழுதினவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். கொலஸ்ட்ரால் செய்வது அந்தக் கட்டை அவிழ்ப்பது. நல்ல அளவுக்கு அது உள்ளே போனால் வால்கள் கூழ் நிலைக்குக் கிட்டத்தட்ட நிமிர்ந்துவிடும், ஆனால் மூலக்கூறுகள் நீரில் நீந்துகிற மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். நேராகவும் நின்று, ஓடவும் ஓடுகிற மூன்றாவது நிலை. 1987-ல் டென்மார்க் குழுவைச் சேர்ந்த இப்சனும் கூட்டாளிகளும் இதற்குப் பெயர் வைத்தார்கள், தமிழில் ஒழுங்குள்ள திரவ நிலை என்று சொல்லலாம். கொலஸ்ட்ரால் இல்லாத திரவத்தோடு ஒப்பிட்டால் பக்கவாட்டு நகர்வு இதில் சில மடங்குதான் குறைகிறது. கூழ் நிலைக்குப் போனால் நூறு, ஆயிரம் மடங்கு குறையும். அந்த இடைவெளியைப் பார்த்தால் இதைத் திரவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாரியலில் இல்லாதது இதுதான், ஈர்க்கில் இடம் மாறாது.

உன் டிபிஎச் என்ன அளக்கிறது என்றும் யோசி. அது வால்களுக்கு நடுவே நிற்கிற ஒரு குச்சி, எவ்வளவு கோணத்துக்கு ஆட இடம் கிடைக்கிறது என்று சொல்லும். அதாவது முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவது கேள்வியைப் பற்றி அது வாயே திறக்காது. நிறைய தீசிஸில் டிபிஎச் எண்ணைக் காட்டி "நகர்வு குறைந்தது" என்று எழுதியிருப்பார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடுப்பு வரும். நீ அப்படி எழுதிவிடாதே.

நான் இதை நம்பினது புத்தகத்தில் படித்து இல்லை. இரட்டைப் பிணைப்பு உள்ள டிஓபிசி, அது இல்லாத டிபிபிசி, கொலஸ்ட்ரால், இந்த மூன்றையும் கலந்து பெரிய பலூன் போன்ற வெசிக்கிள் செய்து, ஒளிரும் சாயம் கொஞ்சம் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தால் பலூனின் மேல் கருப்பும் வெளிச்சமுமாக வட்டம் வட்டமாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அம்மா வைக்கிற சாளைக் குழம்புதான். மேலே தேங்காய் எண்ணெய் சொட்டுச் சொட்டாக மிதக்கும், கரண்டியால் தொட்டால் இரண்டு சொட்டு ஒன்றோடொன்று முட்டி, ஒரு நொடி நீள்வட்டமாக நின்று, பிறகு ஒரே பெரிய வட்டமாகிவிடும் இல்லையா, அச்சு அசல் அதே. வட்டமாக இருக்கிறது, முட்டினால் சேர்கிறது, சேர்ந்ததும் மறுபடி வட்டமாகிறது என்றால் இரண்டு பக்கமும் திரவம். கொலஸ்ட்ரால் போடாமல் மற்ற இரண்டை மட்டும் வைத்துச் செய்து ஆறவிட்டால் வட்டம் வராது, உடைந்த ஓட்டுச்சில்லு மாதிரி விளிம்பு முறிந்த துண்டுகள், முட்டினாலும் சேராது. அது கூழ். ஒரே மேசையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஐந்து மார்க் கேள்விக்கு ஐம்பது பக்கம் எழுதலாம்.

1997-ல் சைமன்ஸும் இகோனனும் உயிருள்ள செல்லின் சவ்விலும் ஸ்பிங்கோலிப்பிடும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த சின்னச் சின்னத் தெப்பங்கள் மிதக்கின்றன என்று எழுதியதற்குப் பின்னால் நிற்பதும் இந்த இயற்பியல்தான். உயிருள்ள செல்லில் அவை எவ்வளவு பெரிசு, எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதில் அடிதடி இன்னும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை.

அடுத்தது ஒழுகல், இது என் சோற்றுப் பாடு. வெறும் டிபிபிசி லிப்போசோமுக்குள் எதை அடைத்தாலும் 41 டிகிரியை நெருங்கும்போது கசிந்துவிடும். முழுக்க உறைந்திருந்தாலும் அவ்வளவாகக் கசியாது, முழுக்க இளகினாலும் அவ்வளவு மோசமில்லை, பாதி உறைந்து பாதி இளகி நிற்கிற அந்த நேரத்தில் இரண்டும் சந்திக்கிற விளிம்புகளில்தான் ஓட்டை. கொலஸ்ட்ரால் போட்டால் அந்த உருகல் என்கிற நிகழ்ச்சியே மங்கிவிடும். டிஎஸ்சி (சூடேறும்போது எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்ற அளவீடு) எடுத்தால் கூரான சிகரம் அகன்று, தாழ்ந்து, 50 மோல் சதவீதம் பக்கம் காணாமலே போய்விடும். உன் கோடு கிணற்றில் விழாமல் சாய்வாக இறங்கினது இதே கதை. புரதம் இல்லாத இப்படிப்பட்ட சவ்வில் தண்ணீர், குளுக்கோஸ் போன்றவை பெரும்பாலும் நெளிந்த வால்களுக்கு இடையே கிடைக்கிற சந்து வழியாகத்தான் நுழையும், வால் நிமிர்ந்தால் சந்து அடையும். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்தின் லிப்போசோமில் 38 மோல் சதவீதம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் கொழுப்புத் துகளிலும் 40 சதவீதத்தை ஒட்டித்தான், ஆனால் அந்தத் துகளின் உள்ளமைப்பு சாதாரண இரட்டை அடுக்கு இல்லை. சவ்வும் நன்றாக வலுவாகிவிடும், இழுத்தாலும் பிய்யாது, வளைக்கவும் கஷ்டம், எந்த லிப்பிடாக இருந்தாலும் சரி.

கடைசியாக அந்தத் "தாங்கல்". சொல் தப்பில்லை. ஆனால் நம் உடம்பு எப்போதும் 37 டிகிரியில் நிற்கிறது, நம் செல்சவ்வின் பாஸ்போலிப்பிடில் பெரும்பாலானவற்றில் ஒரு வாலிலாவது இரட்டைப் பிணைப்பு உண்டு, கொலஸ்ட்ரால் இல்லாவிட்டாலும் அவை உறையப் போவதில்லை. அதனால் நம் வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் பார்ப்பது நிமிர்த்துகிற வேலையைத்தான். குளிரில் உறையாமல் காக்கிறது என்ற பாதி, ஸ்பிங்கோமையலின் போன்ற நேர்வால் ஆட்களிடம் மட்டும் செல்லும். இரண்டு பாதியையும் தராசில் சமமாக வைத்து எழுதுவது புத்தகத்துக்கு வசதி, அவ்வளவே.

ரப்பர் அண்ணாச்சி: ரத்தத்தில் அளக்கிற 248 என்பது எல்டிஎல், எச்டிஎல் போன்ற துகள்களில் ஏறி ஊர்சுற்றுகிற சரக்கு. செல் அதைப் பார்த்துத் தன் சவ்வில் அள்ளிப் போட்டுக்கொள்ளாது. செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்ற இடத்தில் கொலஸ்ட்ரால் அங்குள்ள லிப்பிடில் 5 சதவீதம் என்ற அளவைத் தாண்டினால் உற்பத்தியை நிறுத்து, உள்ளே எடுப்பதைக் குறை என்று உத்தரவு போய்விடும். இந்தக் கட்டுப்பாட்டை வெளிக்கொண்டு வந்ததற்குத்தான் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல். வெளிச்சவ்வில் மட்டும் 30, 40 சதவீதம் வரை இருக்கும், அது உங்களுக்கும் எனக்கும் ஒன்றுபோலத்தான். உங்கள் 248 ரத்தக்குழாய்ச் சுவரின் கவலை, அதை மருத்துவரிடம் பேசுங்கள். தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம், தாவரங்கள் அந்த வேலைக்கு சிட்டோஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் என்று வேறு ஸ்டெரால்களை வைத்திருக்கின்றன, உங்கள் ரப்பர் மரமும்தான். எண்ணெய் உறைவது அதில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகும். அந்த நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பதால் வீட்டில் சொல்வதில் நியாயம் உண்டு, வருத்தம்தான்.

---

நுண்ணோக்கி_அக்கா

மேலே சொன்னது பொதுவாகச் சரி, ஆனால் சிவப்பணுவுக்கு அந்த உத்தரவு கிடைக்காது தம்பி. அதற்குள் எண்டோபிளாச வலையும் கிடையாது, கருவும் கிடையாது, தானாகக் கொலஸ்ட்ரால் செய்யவும் தெரியாது. சுற்றி ஓடுகிற பிளாஸ்மாவோடு கொடுத்து வாங்கித்தான் வைத்திருக்கும், அதுவும் எஸ்டர் ஆகாத (கொழுப்பு அமிலத்தோடு சேராத) கொலஸ்ட்ராலை மட்டும். ரப்பர் அண்ணன் பயப்பட வேண்டாம், சாதாரணமாக எண் கூடினால் ஒன்றும் ஆகாது. ஈரல் ரொம்பக் கெட்டுப்போன சிலருக்கு மட்டும் பிளாஸ்மாத் துகள்களிலேயே அந்த வகைக் கொலஸ்ட்ராலின் பங்கு கூடி, அது சிவப்பணுவின் சவ்வில் ஏறிவிடும்.

பத்துப் பதினைந்து வருஷமாக ரத்தத் தடவல் பார்க்கிறேன், அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மறக்காது. வட்டமாக, நடுவில் வெளிறி இருக்க வேண்டிய அணு, நெருஞ்சி முள் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்துக் குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். சவ்வு விறைத்துப்போய், மண்ணீரலின் குறுகலான சந்துகளுக்குள் நுழைந்து வரும்போது வளைந்து கொடுக்க முடியாமல் மாட்டிச் சீக்கிரமே அழிந்துவிடும், நோயாளிக்கு ரத்தசோகை. சவ்வில் கொலஸ்ட்ரால் கூடினால் இறுகும் என்பதை நான் படித்தது இப்படி, கண்ணாடிச் சில்லில் வைத்து.

---

நெய்யூர்_நியூட்ரான்

குளச்சல் அண்ணே, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஒரு வரி தவிர. "வளைக்கவும் கஷ்டம், எந்த லிப்பிடாக இருந்தாலும் சரி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வளைவிறுக்கத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

இழுத்து விரிப்பது ஒன்று, வளைப்பது வேறு. விரிப்பதில் சந்தேகமில்லை. 1990-ல் நீதமும் நன்னும் வெசிக்கிளை மைக்ரோபிப்பெட்டால் (நுண்ணிய கண்ணாடிக் குழாய்) உறிஞ்சிப் பார்த்தபோது, ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள எஸ்ஓபிசி சவ்வில் கொலஸ்ட்ரால் பாதிக்குப் பாதி சேர்ந்தால் பரப்பை விரிக்க நாலு மடங்கு விசை தேவைப்பட்டது. வளைப்பதில் நேர்வால் லிப்பிடுக்கும் ஒரு வால் மட்டும் வளைந்ததற்கும் இறுக்கம் ஏறுவது தெளிவு. ஆனால் இரண்டு வாலிலும் இரட்டைப் பிணைப்பு உள்ள டிஓபிசியில், வெசிக்கிளின் விளிம்பு எவ்வளவு நடுங்குகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் பிப்பெட்டால் இழுத்தவர்களும் கொலஸ்ட்ரால் எவ்வளவு போட்டாலும் வளைவிறுக்கம் மாறவில்லை என்றுதான் சொல்லிவந்தார்கள். 2020-ல் நியூட்ரான் ஸ்பின் எக்கோ (நியூட்ரான் கதிரைச் செலுத்தி அசைவை அளக்கும் முறை) வைத்து ஒரு குழு, இல்லை, 50 சதவீதத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு ஏறுகிறது என்று வெளியிட்டது. உடனே மற்ற தரப்பு மறுப்பு எழுதியது.

நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: நியூட்ரான் பார்ப்பது பத்து இருபது நானோமீட்டர் நீள அசைவை, அதுவும் நானோ நொடிக்கணக்கில். நுண்ணோக்கி பார்ப்பது மைக்ரோமீட்டர் அளவில், நொடிக்கணக்கில். பெரிய அளவில் மெதுவாக வளையும்போது கொலஸ்ட்ராலுக்கு நேரம் கிடைக்கிறது, நெருக்கமான பக்கத்திலிருந்து தளர்ந்த பக்கத்துக்குத் தாவிவிடலாம், தாவினால் வளைப்பது சுலபம். அதனால் இரண்டு அளவீடும் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

---

குளச்சல்_சாளை

பிடிபட்டேன். அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன், "நேர்வால் லிப்பிடில்" என்று திருத்தி வாசிக்கவும். என் வேலையில் எல்லாம் நேர்வால்தான், அந்தப் பழக்கதோஷம்.

---

ஈர்க்கில்_வாரியல்

ஒரு சந்தேகம் தம்பிமாரே. கொலஸ்ட்ராலைப் பாஸ்போலிப்பிடோடு கலந்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால், இரண்டும் தனித்தனியாகப் பிடிக்கிற இடத்தின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும், இதை லீத்ஸ் என்பவர் 1925-லேயே பார்த்தார் என்று படித்திருக்கிறேன். ஒரு படி கொண்டைக்கடலையும் ஒரு படி எள்ளும் கலந்து அளந்தால் இரண்டு படி வராதே, எள் சந்தில் இறங்கிவிடுமே, அதே கணக்குதானா?

---

நெய்யூர்_நியூட்ரான்

அரைக்கால் கணக்கு சார். எள் இறங்கினால் கடலையின் உருவம் மாறாது. இங்கே கொலஸ்ட்ரால் பக்கத்தில் வந்து நின்றதும் வால் தானே நிமிர்ந்து ஒல்லியாகி உயரமாகிவிடுகிறது. கொலஸ்ட்ரால் இல்லாமல் இளகின டிபிபிசி மூலக்கூறு ஒன்று 63 சதுர ஆங்ஸ்ட்ராம் பக்கம் இடம் பிடிக்கும், கூழ் நிலையில் அதே ஆள் 48 பக்கம். கொலஸ்ட்ரால் அதை அந்தப் பக்கமாகத் தள்ளுகிறது. பரப்பு குறைந்த அளவுக்குச் சவ்வின் கனம் கூடும், மொத்தக் கொள்ளளவு அவ்வளவாக மாறாது. நெரிசலான பஸ்ஸில் ஒருவர் ஏறினால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிற மாதிரி என்று வையுங்கள். அப்புறம் ஒன்று, வால் முழுக்க நிமிராது, கொலஸ்ட்ராலின் வளையங்கள் வாலின் முதல் ஒன்பது பத்து கார்பனோடுதான் ஒட்டி நிற்கும், அதற்குக் கீழே சவ்வின் நடுவில் வால்நுனிகள் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

---

ரப்பர்பால்_குலசேகரம்

எனக்குப் புரிந்தது ஒன்றுதான், 248-ஐ மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆனாலும் கடைசி வரை வாசித்தேன். ஒன்று கேட்கிறேன், கன்னியாகுமரிக் கடலில் உள்ள வெட்ஜ் பேங்க் மீன்பிடி மேட்டைத் தாண்டி ஆழத்தில் குளிரில் கிடக்கிற மீன் எல்லாம் தேங்காய் எண்ணெய் மாதிரி உறையாமல் எப்படித் துள்ளுகிறது? அதுகளுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலா?

---

குளச்சல்_சாளை

கடல்காரன் கேட்க வேண்டிய கேள்வியை மலைக்காரர் கேட்டுவிட்டார். மீன் முதலில் கைவைப்பது கொலஸ்ட்ராலில் இல்லை, வாலில். குளிர் கூடக் கூட இரட்டைப் பிணைப்பு நிறைய உள்ள வால்களைச் சவ்வில் சேர்க்கும், வளைந்த வால் அடுக்க வராது, உறையாது. சாளையில் எண்ணெய் வடிகிறதே, ஒமேகா-3 என்று மாத்திரையாக விற்கிறார்களே, அந்த வகை வால்கள்தான். ஆறு இரட்டைப் பிணைப்பு உள்ள டிஎச்ஏ வாலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் ஆகவே ஆகாது, சிராய்க்குப் பக்கத்தில் நேராக நிற்க அதனால் முடியாது, இரண்டும் விலகித்தான் நிற்கும். நாலு இரட்டைப் பிணைப்பு உள்ள வால்கள் மட்டுமே கொண்ட ஒரு சவ்வில், கொலஸ்ட்ரால் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு அடுக்குக்கும் நடுவே படுத்துக் கிடந்ததைக்கூட நியூட்ரான் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். (நெய்யூர், இது உன் ஆட்கள் செய்ததுதான்.)

---

பார்வதிபுரம்_பயோகெம்

இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வாரியலையும் குழம்பையும் தோழியிடம் சொன்னேன், அவளுக்கு ஒரே சிரிப்பு. மார்க்கைப் பற்றி இனிப் போய்க் கேட்கப் போவதில்லை, கேட்டுப் பலனுமில்லை. டிபிஎச் பகுதியில் "நகர்வு" என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் "வால்களின் ஒழுங்கு" என்று மாற்றிவிட்டேன், ஏழு இடத்தில் இருந்தது.

ஆனால் 70 சதவீதக் குப்பியில் மினுக்குகிற தகடு பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே.

---

குளச்சல்_சாளை

அய்யோ, அதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. பிழை உன்னுடையது இல்லை, கொலஸ்ட்ரால் படிகம் அது, ஒரு மூலக்கூறுக்கு ஒரு நீர் சேர்ந்து தகடாக விழும். கொலஸ்ட்ராலின் உடம்பு முழுக்க எண்ணெய்த் தன்மை, நீரை ஒத்துப்போகிற தலை என்று பார்த்தால் அந்தச் சின்ன ஹைட்ராக்சில் மட்டும். அதை வைத்து அந்த உடம்பை நீரிலிருந்து மறைக்க முடியாது, பக்கத்துப் பாஸ்போலிப்பிடின் பெரிய தலைக்குக் கீழே ஒண்டிக்கொள்ளும், ஆடி மழையில் சேம்பிலைக்கு அடியில் தலையைக் கொடுக்கிற பிள்ளைகள் மாதிரி. ஹுவாங்கும் ஃபைகன்சனும் 1999-ல் இதற்குக் குடை மாதிரி என்றே பெயர் வைத்தார்கள். ஒரு குடைக்கு எத்தனை பேர் என்று கணக்கு உண்டு, உன் டிபிபிசி வகைத் தலைக்கு 66 மோல் சதவீதம் வரை, அதைவிடச் சின்னத் தலை உள்ள பிஇ வகைக்கு 51. நீ 70 போட்டாய், மீதிக்குக் குடை இல்லை, வெளியே வந்து படிகமாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. குளோரோஃபார்மை ஆவியாக்கிக் கண்ணாடியில் படலமாகக் காயவைக்கிற முறையில், காயும்போதே கொலஸ்ட்ரால் தனியாகப் பிரிந்து நிற்கப் பார்க்கும். அதனால் 66 வரைக்கும் காத்திருக்காமல் அதற்கு முன்னாலேயே தகடு வரலாம். உன் 40-ல் வராது, 55, 60 என்று போனால் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு அளவு எடு. படலத்தில் தண்ணீர் ஊற்றும்போது 50 டிகிரிக்கு மேலே வை, 41-ஐத் தாண்டாமல் ஊற்றினால் டிபிபிசி கரையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். குப்பி மூடி டெஃப்லான் வைத்ததா? சாதாரண ரப்பர் மூடி என்றால் குளோரோஃபார்ம் அதையும் கரைத்துக்கொண்டு வரும், ரப்பர் அண்ணாச்சி கோபிக்கக் கூடாது.

---

பார்வதிபுரம்_பயோகெம்

ரப்பர் மூடிதான்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுகிறேன். 0, 20, 40, 55.